எட்டு மணி நேரம் யாருக்கு?

இரவு ஷிப்டு முடிந்துவிட்டது. தேநீர்க் கடைப் பெஞ்சியிலே வந்து அமருகிறான் தொழிலாளத் தம்பி ஒருவன். ஒரு கையிலே கண்ணாடிக் குவளை; மறு கையிலே கைப்பேசி. குவளையிலே ஆவி அடங்கிவிட்டது. திரையிலே போர் அடங்கவில்லை! ஓடுகிறான், பதுங்குகிறான், பாய்கிறான், சுடுகிறான்! எதிரே நிற்பவர்கள் எவர்? எந்த ஊரினர்? அறியான். இணையத்தின் வழியே வந்து கூடிய முகமறியா மனிதர்கள்!

பக்கத்திலே இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, இந்தப் பாழாப்போன விளையாட்டுல பொழுதைக் கொன்னு என்ன கண்டே? சோறு போடுமா அது?"

தம்பி தலை நிமிரவில்லை. "நீங்க திண்ணையில தாயம் ஆடினீங்களே பெரியப்பா, அது சோறு போட்டுதா?"

பெஞ்சி முழுதும் சிரிப்பு! பெரியவர் முகத்திலே சினம்! ஆனால் தோழர்களே, சிரித்துவிட்டுப் போகிற வழக்கல்ல இது. இணைய விளையாட்டிலே செலவிடும் நேரம் பயனுள்ளதா, பாழா? இன்று வீடுதோறும் நடக்கும் வழக்கு இது. தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு. கணவனுக்கும் மனைவிக்கும் வழக்கு. தீர்ப்பை அவசரப்பட்டு எழுத வேண்டாம். சாட்சிகள் இருவரை அழைப்போம். இருவரும் நம் நாட்டவர் அல்லர். ஆனால் இரு சாட்சிகளும் ஆடியது ஒரே ஆட்டம்! அதன் பெயர், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004-ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்டது. பல நாட்டு மக்கள் ஒரே கற்பனை உலகிலே புகுந்து, வேடம் தாங்கி, கூடிப் பேசி, கூடிப் போரிடும் ஆட்டம்.

முதல் சாட்சி, நார்வே நாட்டு இளைஞன் மாட்ஸ் ஸ்டீன். பிறவியிலேயே பற்றிய கொடுநோய்! தசைகள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து நலியும் நோய். ஓடியாட வேண்டிய வயதிலே சக்கர நாற்காலி. பின்னர் விரல்கள் மட்டுமே ஓரளவு அசையும் நிலை. அந்த விரல்களைக் கொண்டு அவன் ஆடினான். வாழ்வின் கடைசிப் பத்தாண்டிலே 15,000 மணி நேரத்துக்கு மேல் ஆடினான்!

பெற்ற மனம் என்ன பாடுபடும்? இருக்கும் சின்னஞ்சிறு வாழ்வையும் திரை விழுங்குகிறதே என்று ஏங்கினர். 2014 நவம்பரிலே, 25 வயதிலே, மாட்ஸ் மறைந்தான். தந்தை கதறினார். மகன் மாண்டதற்காக மட்டுமா? அல்ல! நட்பு இன்னதென்று அறியாமல், அன்பு இன்னதென்று அறியாமல், ஓர் உயிருக்கும் உதவ வாய்ப்பில்லாமல் போய்விட்டானே என்று கதறினார். மகன் இணையத்திலே எழுதிவந்த பக்கத்திலே, அவன் மறைந்த செய்தியைப் பதித்தார்.

வந்தன மடல்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல. பல நாடுகளிலிருந்து வந்தன. "எங்கள் துயரிலே துணை நின்றவன் அவன்" என்றனர், அவன் முகத்தையே கண்டிராதவர்கள். ஆட்டத்திலே அவன் பூண்ட பெயர் இபெலின். அந்தப் பெயரிலே அவன் எத்தனையோ பேருக்குத் தோழன்! எழுந்து நிற்கவும் இயலாத ஒருவன், இடறி விழுந்தோரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறான்! அவர்களிலே சிலர் கடல் கடந்து வந்து இறுதிச் சடங்கிலே நின்றனர். அந்த வரலாறு 2024-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

சொல்லுங்கள், பெரியவரே! அந்த 15,000 மணி நேரம் பாழா?

பொறுங்கள். தம்பி துள்ளிக் குதிக்க வேண்டாம். இரண்டாவது சாட்சியைக் கேட்போம்.

சீன நாட்டு நான்கிங் நகரம். அங்கேயும் இளைஞர்கள், அங்கேயும் அதே ஆட்டம். ஆனால் அது விளையாட்டு அன்று, வேலை! ஆட்டத்திலே அரக்கர்களைக் கொன்றால் பொற்காசு கிடைக்கும். மெய்யான காசல்ல, திரையிலே மின்னும் பொய்க்காசு. வசதி படைத்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தாம் பாடுபட்டுச் சேர்க்கச் சோம்பல் பட்டு, அதை மெய்ப்பணம் கொடுத்து வாங்கினர். அதைத் திரட்டித் தரக் கூலிக்கு ஆள்! 2007-ஆம் ஆண்டு அமெரிக்க ஏடொன்று அவர்களின் வாழ்வைப் படம்பிடித்துக் காட்டிற்று. இரவு முழுதும் 12 மணி நேர உழைப்பு. வாரத்திலே ஏழு இரவும் உழைப்பு. மாதத்திலே இரண்டு மூன்று நாள்தான் ஓய்வு. கூலியோ, மணிக்கு அமெரிக்கக் காசு முப்பது அளவு! கொன்ற அரக்கனையே மீண்டும் கொல்வது, எடுத்த காசையே மீண்டும் எடுப்பது. எந்திரத்துக்கும் அவனுக்கும் என்ன வேற்றுமை?

இன்னொன்றும் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு, அதே ஆட்டத்தைத் தம் விருப்பத்துக்காக ஆடியவர்களும் அவர்களிலே இருந்தனர்! அதே கை, அதே திரை, அதே அரக்கன். முன்னது அடிமை நேரம். பின்னது ஆனந்த நேரம்.

இதிலே தெரிகிறது உண்மை. பயனும் பாழும் ஆட்டத்திலே இல்லை. அந்த நேரத்துக்கு உடையவன் யார் என்பதிலே இருக்கிறது!

ஓய்வு நேரம் என்பது, ஆண்டவர்கள் மனமிரங்கிப் போட்ட பிச்சையா, தோழர்களே? 1886 மே முதல் நாள், அமெரிக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தது எதற்காக? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நேரம் எம் விருப்பம் என்பதற்காக! சிகாகோ நகரிலே குருதி கொட்டிற்று. மறு ஆண்டு நவம்பரிலே நால்வர் தூக்குமரம் ஏறினர். அந்த மே நாளை 1923-லே சென்னைக் கடற்கரையிலே கொண்டாடிக் காட்டினார் சிங்காரவேலர். தூக்குக் கயிற்றை விலையாகக் கொடுத்து வாங்கிய எட்டு மணி நேரமடா அது! அதிலே நீ பாடலாம், படிக்கலாம், பந்தாடலாம், சும்மா சாய்ந்து கிடக்கலாம். திரையிலே விளையாடவும் செய்யலாம். "பயன் என்ன?" என்று கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. பாடுபட்டவனுக்கு விளையாட்டும் ஒரு பங்கு!

ஆனால், முதலாளியிடமிருந்து மீட்ட அந்த எட்டு மணி நேரத்தை, இன்னொரு முதலாளி கொல்லைப்புற வழியாக வந்து கொண்டுபோனால்?

'இலவசம்' என்கிறான், ஆட்டத்தைக் கையிலே தருகிறான். இலவசமாகக் கொடுத்தவன் கோடீசுவரன் ஆனது எப்படி? நாள் தவறாமல் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் சேர்த்தது போயிற்று! இன்றிரவுக்குள் முடித்தால் புதுச்சட்டை, விடிந்தால் கிடைக்காது! பணம் கட்டிப் பெட்டியைத் திற. உள்ளே வைரமும் இருக்கலாம், வைக்கோலும் இருக்கலாம்! இந்தப் பெட்டி வியாபாரம் சூதாட்டமே என்று 2018-இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு கூறிற்று. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், ஆடுவோரை ஏமாற்றி வேண்டாத பொருளை வாங்க வைத்தது என்ற குற்றச்சாட்டிலே, 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரிலே அமெரிக்காவிலே உடன்பட்டது. தூண்டில் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உலக நல நிறுவனமும் இதைக் கவனித்தது. விளையாட்டு மீறி நோயாவதை நோய்ப் பட்டியலிலே சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. கவனியுங்கள்: இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அது சொல்லவில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை. மற்றெல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டமே முதலாதல். கேடு வருவதைக் கண்டும் தொடர்தல். இந்த நிலை வழக்கமாக ஓராண்டு நீடித்தல். இவையே அது கூறும் அடையாளங்கள். அதாவது, ஆட்டத்துக்கு நீ தலைவனா, உனக்கு ஆட்டம் தலைவனா என்பதுதான் கேள்வி!

பணம் கட்டி ஆடும் சீட்டையும் சூதையும் இந்தக் கணக்கிலே சேர்க்காதீர்கள். அது விளையாட்டல்ல, வழிப்பறி! தமிழ்நாட்டிலே 2023-இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரிலே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்றது உயர்நீதிமன்றம். 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்றே சட்டம் செய்தது. சட்டம் வாயிலைக் காக்கும். மனத்தைக் காக்க வேண்டியவன் நீதான்!

தம்பி, உன்னிடம் தனியே ஒரு சொல். நீ ஆடும் நேரத்திலே, அடுப்படியிலே நிற்பவள் யார்? குழந்தைக்குச் சோறூட்டுபவள் யார்? அவளுக்கு எட்டு மணி உழைப்பு என்று எந்தச் சங்கம் போராடிற்று? அவளுடைய ஓய்வைப் பறித்து நீ ஆடினால், அந்த வீட்டிலே நீயே முதலாளி! பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னர் ஆடு. வேண்டாமென்று எவன் சொல்வான்?

உன்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள். நினைத்த மாத்திரத்திலே திரையை அணைக்க முடிகிறதா? ஆடி எழுந்த பின் மனம் மலர்கிறதா, மங்குகிறதா? உன் ஆட்டத்துக்காக வீட்டிலே வேறொருவர் உறக்கம் இழக்கவில்லையே? மூன்றுக்கும் நல்ல விடை சொல்ல முடிந்தால், அது உன் நேரம், நிமிர்ந்து ஆடு! ஒன்றுக்கேனும் தலை குனிந்தால், அது உன் நேரம் அல்ல. களவு போகிறது, காத்துக்கொள்!

பெரியவரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "பாழ்" என்று சொல்லுமுன், "என்னப்பா ஆடுறே? யாரோட ஆடுறே?" என்று பக்கத்திலே அமர்ந்து கேளுங்கள். நார்வே நாட்டுத் தந்தை, மகனுக்குத் தோழர்கள் இருந்ததை அவன் மறைந்த பிறகே முழுதும் அறிந்தார். நமக்கு அந்த நிலை வேண்டாம்.

தம்பி! உயிர் கொடுத்துப் பெற்ற எட்டு மணி நேரம் உன் கையிலே இருக்கிறது. ஆடு, ஆட்டுவிக்கப்படாதே!