கெட்டிமேளத்துக்கு மட்டுமா தவில்?

நாதஸ்வர வித்வான்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள் என்றால் நம் வயதுக்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி, நாமகிரிப்பேட்டை, ஷேக் சின்ன மௌலானா, மதுரை சேதுராமன் பொன்னுசாமி என்று கடகடவென்று வந்துவிடும். அதே ஆட்களிடம் தவில்காரர்கள் ஐந்து பேரைக் கேளுங்கள். வளையப்பட்டி என்பார்கள். அப்புறம் வானத்தைப் பார்ப்பார்கள். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் காலைநடைக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "பாலையா" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாளில் பாலையா தவிலோடு உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால் அவரே வாசிக்கிறார் என்றுதான் தோன்றும். சிவாஜிக்கு நாதஸ்வரம் வாசித்தது யார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லுவார்கள். பாலையா கைக்குப் பின்னால் வாசித்த கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் படத்தில் கதாநாயகன் கையில் நாதஸ்வரம், சிரிக்க வைப்பவர் கையில் தவில். இருபத்தோரு வருஷம் கழித்து 1989-ல் கரகாட்டக்காரன் வந்தது. அதில் தவில் யார் கையில்? கவுண்டமணி! நாதஸ்வரம் செந்திலிடம் இருந்தாலும் அடி வாங்கும் வாத்தியம் தவில்தான். இரண்டு படத்தையும் ராஜபாளையத்தில் கொட்டகையில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன்தான் நானும். நடிகர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. தவில் என்றாலே கூடவே ஒரு சிரிப்பு வரவேண்டும் என்று நமக்குப் பழக்கமாகிப் போனதைத்தான் சொல்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வியாதி இல்லையாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன் இங்கிலீஷ் ராக் பாட்டுப் பைத்தியம். அங்கேயும் பாடுகிறவனுக்கும் கிடார்க்காரனுக்கும்தான் பெயர், டிரம்ஸ்காரனைப் பின்னால் உட்கார வைத்துக் கேலி செய்வார்கள் என்றான். அவன் சொன்ன ஒரு கதை மனதில் தங்கிவிட்டது. 1969-ல் அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்றொரு குழு. அவர்கள் இசைத்தட்டு ஒன்றில் கிரெகரி கோல்மன் என்ற டிரம்மர் ஆறேழு விநாடி தனியாக வாசித்திருக்கிறார். பிற்காலத்தில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடு வாசல் இல்லாமல் செத்துப் போனார். உலகம் முழுக்க அவர் அடிக்குத்தான் ஆடியிருக்கிறது, ஆடியவனுக்கு அவர் பெயர் தெரியாது.

சரி, நம் தவிலுக்கு வருவோம். தவில்காரர் என்ன செய்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது என்பது என் எண்ணம். பலா மரத்தைக் குடைந்து செய்த கட்டை. ஒரு பக்கத்தில் விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார், மறு பக்கத்தில் கழியால் அடிப்பார். ஒரு கை விரலாகவும் ஒரு கை கோலாகவும் வேலை செய்யவேண்டும். இரண்டு கையும் இரண்டு வேறு ஆளைப் போல இருக்கும், ஆனால் சொல் ஒன்றாக விழவேண்டும். முன்பு தோல் வாரை இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. சுருதி நிற்கிறது, பாரமும் ஏறிவிட்டது. இதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதியில் நடக்கவேண்டும்.

நாதஸ்வரம் மூச்சு வாத்தியம். எப்பேர்ப்பட்ட வித்வானும் ராத்திரி முழுக்க ஊதமுடியாது. ஆடிப்பூரத் திருவிழாவில் ஐந்து கருட சேவை அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் கூடவே நடந்து பாருங்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துத் துடைக்கும் நேரம், தண்ணீர் குடிக்கும் நேரம், சுவாமி நின்று தீபாராதனை ஆகும் நேரம், இதெல்லாம் யார் கணக்கில் ஓடுகிறது? மல்லாரி தொடங்குவதற்கு முன்னால் தவில் சொற்கட்டுதான் வீதியைத் தயார் செய்கிறது. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, பாதி வேலை லயத்தின் தலையில்தான். கீர்த்தனை வந்தால் அது வேறு வேலை. அடுத்து என்ன வாசிக்கப் போகிறார் என்று முன்கூட்டி யாரும் சொல்லமாட்டார்கள். நாதஸ்வரக்காரர் எடுக்கும் முதல் மூச்சிலேயே புரிந்துகொண்டு கூடப் போகவேண்டும், அவர் விட்ட இடத்தை நிரப்பவேண்டும், அவர் திரும்பி வரும்போது வழிவிட்டு ஒதுங்கவும் வேண்டும். சத்தமாக அடிக்கத் தெரிந்தவன் தவில்காரன் என்று நினைப்பவர்கள், ஒரு நல்ல கை ராக ஆலாபனையின்போது எவ்வளவு அடங்கி இருக்கிறது என்று கவனித்ததில்லை.

பெரியவர்கள் இதை அறிந்துதான் வைத்திருந்தார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894 – 1949) வருகிறார் என்றால் தவிலுக்காகவே கூட்டம் கூடிய காலம் ஒன்று இருந்தது. நோட்டீஸில் "ஸ்பெஷல் தவில்" என்று தனி வரி போடுவார்கள். எங்கள் அப்பா அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் கச்சேரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைச் சொல்லாமல் விடமுடியாது. 1933-ல் பிறந்து 1975-ல் மறைந்துவிட்டார். கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு மேடைகளைக் கலக்கிய கை அது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. வலையப்பட்டி என்றும் எழுதப்படும் வளையப்பட்டி சுப்பிரமணியத்தை நம்மில் பலர் குன்னக்குடி வயலினோடு சேர்த்துத்தான் கேட்டிருப்போம். வயலினுக்குத் தவிலா என்று அப்போது முகம் சுளித்த சங்கீதக்காரர்கள் உண்டு. சனம் அதைத்தான் விழுந்தடித்துக்கொண்டு கேட்டது. பிற்பாடு விஜய் படப்பாட்டிலேயே அவர் பெயர் வந்துவிட்டது, அது வேறு விஷயம். மியூசிக் அகாடமி மிருதங்கத்துக்கு, பாலக்காடு மணி ஐயருக்கு, 1966-லேயே சங்கீத கலாநிதி கொடுத்தது. தவிலுக்கு வளையப்பட்டி மூலம் அந்தப் பட்டம் வர 2009 ஆயிற்று. தவில் வீதி வாத்தியம், சபாவுக்கு இரைச்சல் என்ற நினைப்புதான் காரணம் என்பேன்.

இப்போது நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தது.

சமீபத்தில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் கேரளத்துச் செண்டை மேளம். அருமையாக அடித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. முக்கால் மணி நேரம் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மேடையோரம் நம் நாதஸ்வரம், தவில் செட். அவர்களுக்கு எதிரே நாற்காலிகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. முகூர்த்த நேரத்தில் யாரோ ஒருவர் இரண்டு விரலை ஆட்டி "ஏய் மேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார். தவில்காரருக்கு என் வயது இருக்கும்.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?" என்றேன்.

"அம்பது தாண்டிருச்சு சார்."

"பசங்க வாசிக்கிறாங்களா?"

"மூத்தவனுக்கு நல்ல கை. நான்தான் வேண்டாம்னுட்டேன். கோயமுத்தூர்ல கம்பெனியில இருக்கான்." கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டுறாங்க பாருங்க சார், அதுக்கு அம்பது வருசம் சாதகம் வேண்டாம். தகர டப்பா போதும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கெட்டிமேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழாமல் இருக்க. அதாவது மற்ற சத்தத்தை அமுக்குகிற சத்தமாகத்தான் தவிலை வைத்திருக்கிறோம். "மேளம்" என்று வாத்தியத்தைக் கூப்பிடுவதுபோல மனுஷரைக் கூப்பிடுவதில் சாதியும் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மிருதங்கக்காரரை யாராவது "ஏய் மிருதங்கம்" என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவில் சொல்லிக்கொடுக்கிறார்கள், மூன்று வருஷப் படிப்பு. படித்து வரும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் வேலை இந்த விரலாட்டல்தான் என்றால் அவன் எத்தனை நாள் இருப்பான்? செண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் அரை மணி நேரம் மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தவிலுக்குத் தனி வாசிக்க இடம் கொடுங்கள். பேசும்போதே தவிலுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசுங்கள். செட்டுக்கு மொத்தமாகக் கொடுத்தால் அவர் கைக்குப் போய்ச் சேருவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பத்திரிகையிலும் பெயர் போடலாம். தங்கை பேத்திக்குத் தை மாதம் கல்யாணம், சிவகாசியில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறோம். நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். "இடம் இல்லையே சார், தங்கள் நல்வரவை விரும்பும்னு ஏற்கெனவே பதினாலு பேர் இருக்காங்க" என்றார் அச்சகக்காரர். பதிமூன்றாக்கிவிட்டேன். எடுத்தது என் பெயரைத்தான். தங்கை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.