ஹெலிகாப்டருக்கு எது பெருமை?

1944-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பர்மாவில் யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

ஒரு சிறு விமானம் காட்டுக்குள் விழுந்துவிட்டது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்க விமானி. மற்ற மூவரும் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள்.

நால்வரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால், சுற்றிலும் ஜப்பானியப் படை! காயம்பட்டவர்களால் நடக்க முடியாது. மேலே பறந்த விமானங்கள் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டன. கண்டு என்ன பயன்? விமானம் இறங்குவதற்கு நீண்ட தரை வேண்டுமே!

அந்தச் சமயம், அசாமில் லாலாகாட் என்ற இடத்தில் ஒரு புதுமாதிரி யந்திரம் இருந்தது. தலைக்கு மேல் விசிறி சுழலும் யந்திரம். அதுதான் ஹெலிகாப்டர். அதை ஓட்டியவர் கார்ட்டர் ஹார்மன் என்ற வாலிபர். பட்டாளத்துக்கு வருமுன் சங்கீதம் படித்தவர்.

அந்த ஹெலிகாப்டரில் விமானியைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆள்தான் ஏறலாம். பர்மா வெயிலும் புழுக்கமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. என்ஜின் கொதித்தது. ஆனாலும் ஹார்மன் விடவில்லை. காட்டிலிருந்து ஒருவரைத் தூக்குவார். பக்கத்து ஆற்றின் மணல் திட்டில் கொண்டுபோய் இறக்குவார். அங்கே காத்திருந்த சிறு விமானம் அவரை ஏற்றிக்கொண்டு போகும். முதல் நாள் இருவர். மறுநாள் இருவர். காயம்பட்டவர்கள் முதலில் போனார்கள். விமானி கடைசியாகத்தான் போனார்.

யுத்தகளத்தில் ஹெலிகாப்டர் ஆட்களை மீட்டது அதுவே முதல் தடவை.

இன்று ராணுவ ஹெலிகாப்டர் என்றால் எல்லோரும் கேட்பது என்ன? "எத்தனை ஏவுகணை தாங்கும்? நிமிஷத்துக்கு எத்தனை குண்டு சுடும்?" இதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த அளவுகோல் தவறு. இதற்கு ஆகாயக் கப்பலின் கதையே சாட்சி.

எரிந்துபோன ராட்சதன்

தக்கை தண்ணீரில் மிதக்கிறது அல்லவா? அதுபோல, காற்றைவிட லேசான வாயுவைப் பெரிய பையில் அடைத்தால், அந்தப் பை காற்றில் மிதக்கும். இதுதான் பலூன். 1794-ம் ஆண்டிலேயே, புளூரஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையில், பிரெஞ்சுக்காரர்கள் பலூனில் ஆளை ஏற்றி எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்தார்கள்.

ஆனால், பலூன் காற்றடித்த பக்கம் போகும். அதை நீளமாகக் கட்டி, என்ஜினும் சுக்கானும் வைத்தால் ஆகாயக் கப்பல் ஆகிவிடும். ஜெர்மனியில் செப்பலின் பிரபு செய்த முதல் கப்பல் 1900-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி பறந்தது.

முதல் உலக யுத்தம் வந்தது. பிரயாணிகளை ஏற்றிய கப்பலில் குண்டுகளை ஏற்றினார்கள். 1915 ஜனவரி 19-ந் தேதி இரவு ஆகாயக் கப்பல்களிலிருந்து இங்கிலாந்தின் மீது முதல் குண்டுகள் விழுந்தன. பிறகு லண்டனும் தப்பவில்லை. யுத்தம் முடிவதற்குள் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். வீட்டில் தூங்கிய பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

இங்கிலாந்து பணிந்ததா? இல்லை. 500 அடிக்கு மேல் நீளமுள்ள அந்த ராட்சதன் வயிறு நிறைய ஹைட்ரஜன். ஒரு பொறி போதும். 1916-ல் தீக்குண்டு சுடும் சிறு விமானங்கள் வந்ததும், கப்பல்கள் ஒவ்வொன்றாக எரிந்து விழுந்தன.

அதே ஆகாயக் கப்பல் வேறொரு வேலையில் கெட்டிக்காரனாக இருந்தது! இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படை, தீப்பிடிக்காத ஹீலியம் வாயுவை அடைத்து, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக இவற்றை அனுப்பியது. மெதுவாகப் போவது அங்கே குறையல்ல, வசதி. கீழே நீர்மூழ்கி தெரிகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த யுத்தத்தில் எதிரி சுட்டு வீழ்த்திய அமெரிக்க ஆகாயக் கப்பல் ஒன்றே ஒன்றுதான். 1962-ல் இந்தப் படை கலைக்கப்பட்டது.

கண்ணாடிக் கூண்டு

விமானம் ஓடினால்தான் இறக்கையில் காற்றுப் பட்டு மேலே எழும். ஹெலிகாப்டரோ ஓடவேண்டாம். அதன் இறக்கையே சுழல்கிறது. அதனால் நின்ற இடத்திலேயே எழும்; அந்தரத்தில் நிற்கும். வாலில் ஒரு சிறு விசிறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் பம்பரமாகச் சுற்றும்! அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சிகார்ஸ்கி, 1939-ல் இந்த வித்தையைச் சரிப்படுத்தினார்.

கொரியா யுத்தத்தில் (1950-53) இதன் மதிப்பு தெரிந்தது. முன்னால் கண்ணாடிக் கூண்டு. இரண்டு பக்கமும் வெளியே கட்டிய ஸ்டிரெச்சர்கள். 'பெல்' என்ற இந்தச் சிறு ஹெலிகாப்டர்கள் சுமார் 18,000 பேரைத் தூக்கி வந்தன. இரண்டாவது உலக யுத்தத்தில், ஆஸ்பத்திரி சேர்ந்த அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு நாலரைப் பேர் இறந்தார்கள். கொரியாவில் அது இரண்டரை ஆயிற்று. ரத்தம் ஏற்றுவதும், போர்முனை அருகிலேயே ஆபரேஷன் செய்வதும் இதற்குக் காரணம்தான். ஆனால், ரத்தம் வடியும் பையன் டாக்டரிடம் போய்ச் சேரவேண்டுமே!

வியட்நாமில் ஹெலிகாப்டருக்குத் துப்பாக்கி வந்தது. 1967-ல் போருக்கென்றே செய்த 'கோப்ரா' வந்தது. ஒல்லி உடம்பு, விமானிகள் இருவருக்கு மட்டும் இடம். காயம்பட்டவனுக்கு அதில் இடமில்லை. சுடும் ஹெலிகாப்டரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அடிபட்டவர்களை ஏற்ற வரும் ஹெலிகாப்டருக்கு அது துணை வந்து எதிரியை அடக்கியது. ஆனால், துணைக்கு வந்தவனையே மாப்பிள்ளை ஆக்கலாமா?

பனிமலையில்

இந்தியாவும் 'பிரசண்ட்' என்ற போர் ஹெலிகாப்டரைச் செய்து, 2022 அக்டோபரில் விமானப்படையில் சேர்த்தது. உயரமான மலைகளில் சண்டையிடக்கூடியது. நல்லதுதான். அதோடு, புது ஹெலிகாப்டர் எதற்குப் பணம் ஒதுக்கினாலும் பார்லிமெண்டில் முதலில் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: எவ்வளவு உயரத்திலிருந்து எத்தனை நோயாளிகளை இறக்கும்?

1984-ல் சியாச்சின் பனிமலைக்கு நமது ராணுவம் போனது. அங்கே அதன் உயிர்நாடியாக இருந்தது 'சீட்டா' என்ற சின்ன ஹெலிகாப்டர். பிரெஞ்சு மாதிரியை உரிமம் பெற்றுப் பெங்களூரில் செய்தது. 18,000 அடி, 20,000 அடி உயரத்தில் காற்றே மெலிந்திருக்கும். விசிறி சுழன்றாலும் பிடிப்பு குறைவு. பனியில் சமப்படுத்திய சிறு திட்டில் விமானி இறங்குவார். என்ஜினை நிறுத்தமாட்டார்; நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ, என்னவோ! மூச்சு முட்டிக் கிடக்கும் ஜவானைத் தோழர்கள் தூக்கி வந்து உள்ளே ஏற்றுவார்கள். கதவு மூடும். சரிவை நோக்கி ஹெலிகாப்டர் இறங்கும். பல நாள் நடந்து வந்த வழியை அவன் சில நிமிஷத்தில் கடந்து, டாக்டர் முன்னே கிடப்பான்.