தீவுக்குப் போனால் குடி முழுகிவிடுமா?

கலியாண நாளை முன்னிட்டுக் கணவனும் மனைவியும் இரண்டு நாள் ஒரு தீவுக்குப் போய்வருவது குற்றமா? குற்றமென்றே மலாக்காத் தோட்டங்களிலும் டவுனிலும் நம்மவரிற் பெரும்பாலார் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். “வெள்ளைக்காரன் வழக்கம்” என்பர் சிலர். “காசு கொழுத்துவிட்டதோ” என்பர் சிலர். “பிள்ளைகுட்டி பெற்ற பிறகு என்ன ஊர்சுற்றல்” என்று மூக்கில் விரல் வைப்பர் வேறு சிலர். ஆணைக் கேட்பார் இல்லை. ஏச்சு முழுவதும் பெண்ணின் தலையிலேயே வந்து விழுகிறது.

முதலில் வெள்ளைக்காரன் வழக்கமென்னும் வாதத்தைப் பார்ப்போம். மணநாளை மீண்டும் நினைந்து கொண்டாடுவது நமக்கு அந்நியமாயின், அறுபதாங் கலியாணம் என்பது என்ன? புரோகிதரை அழைத்து, குடம் வைத்து, ஊருக்குச் சோறு போட்டு, மறுபடியும் தாலி கட்டுகிறோமல்லவா? அதிலேயும் கணக்கிடப்படுவது கணவனுடைய வயதேயன்றி மனைவியினுடையதன்று. வெயிலிலும் மழையிலும் உடம்பைத் தேய்த்த தொழிலாளி அறுபதைக் காணும்வரை அவன் மனைவி காத்திருக்க வேண்டும். காணாமலே அவன் கண்மூடினால் அவளுக்கு அதுவும் இல்லை! பத்தாம் ஆண்டிலே, இருவரும் திடகாத்திரமாயிருக்கும்போதே, சேர்ந்து கடற்காற்று வாங்கினால் எந்த சாஸ்திரம் சாய்ந்துவிடும்?

நிற்க. செலவைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு கேள்வி. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மண்டபம் பிடித்து, வட்டிக்கு வாங்கி, உண்டவன் ஏப்பம் விடுமுன்னே கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்படி செய்கிறோமே, அப்பொழுது இந்தச் சிக்கன ஞானம் எங்கே போயிற்று? தீவு என்றாலே கசக்கிறது என்றும் சொல்ல முடியாது. மாசி மகத்துக்குப் பங்கோர்த் தீவின் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நம்மவர் பேருந்து பேருந்தாகப் போகின்றனர். உம்பாய்க் கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் புலாவ் பெசாருக்கு, அங்குள்ள பழைய சமாதிகளில் நேர்த்திக்கடன் செலுத்தவென்று படகேறிப் போனவர்கள் எத்தனையோ பேர். அப்பொழுதெல்லாம் கடலும் தடையில்லை, காசும் தடையில்லை. பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறேன் என்றால் மட்டும் குடி முழுகிவிடுகிறது!

கிராணி வேலை பார்க்கும் நம் கைவழியே லீவுப் படிவங்கள் போகின்றன. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாளும், ஐந்தும் அதற்கு மேலுமான சேவைக்கு 16 நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை உண்டு. இது முதலாளி போடும் பிச்சையன்று; உரிமை. ஆனால் நம் பெண்கள் ‘காரணம்’ என்னும் இடத்தில் என்ன எழுதுகிறார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனார் காரியம், நாத்தனார் மகள் கலியாணம், கோயில் திருவிழா. பிறருக்காகவே அந்த நாட்களெல்லாம் தீர்ந்துபோகின்றன. விடியுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளையைப் புறப்படுத்தி, பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்குத் தன் பேரில் ஒரு நாள் இல்லை. மெர்லிமாவ் சுற்றுவட்டாரத்தில் பிறந்து வளர்ந்து, சில மைல் தொலைவிலுள்ள கடலில் கால் நனைக்காமலே பாட்டியாகிவிட்ட பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறி, தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவர்கள் பெண்மக்களின் கதியும் பெரிதும் மாறிவிடவில்லை.

நம் பாட்டிமாரிற் பலர் இந்நாட்டிலே கண்ட முதல் தீவு எது தெரியுமா? பினாங்கையடுத்த ஜெரெஜாக். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்பு முகாமென்று அங்கே அடைத்து வைத்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதற்குத் தடை போடும்வரை இந்தக் கொடுமை நடந்தது. 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலியிலும் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தன் இஷ்டத்துக்கு ஒரு தீவில் போய் இறங்கி, தன் இஷ்டத்துக்குத் திரும்புவது அந்தப் பாட்டியின் பேத்திக்கு ஆடம்பரமென்று சொல்ல யாருக்கு வாயெழும்?

ஆடம்பரம் எதுவென்றும் சொல்லிவிடுகிறோம். நம் உத்தியோகஸ்தர் வர்க்கத்தார் லங்காவிக்குப் போகிறார்கள். 1987 முதல் அது வரியில்லாத் தீவாயிற்றே! இறங்கியது முதல் கடை கடையாய் ஏறி, பீங்கான் தட்டும் சாக்லேட்டும் பெட்டி பெட்டியாய்க் கட்டி, மூன்று மாதச் சம்பளத்தைத் தவணையில் தொலைத்துவிட்டு, படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பி வைக்கிறார்கள். கடலைப் பார்த்தீர்களா என்று கேட்டால், கப்பலிலிருந்து பார்த்தோம் என்கிறார்கள். பங்கோரும் 2020 முதல் வரிவிலக்குப் பெற்றுவிட்டது. அங்கும் இந்தப் பித்துப் பரவாதிருக்க வேண்டும்.

நாம் சொல்வது வேறு. பள்ளி விடுமுறையும் வாரக் கடைசியும் தவிர்த்து, அறை வாடகை இறங்கியிருக்கும் வார நாளாகப் பார்த்துப் புறப்படலாம். பேருந்தில் லுமுட், அங்கிருந்து பெர்ரியேறினால் அரைமணிக்குள் பங்கோர். முதல் வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் போதும். டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் இடிசுவரைப் பார்க்கக் காசு வேண்டாம். தெலுக் நிப்பாவில் மாலையில் இருவாட்சிப் பறவைகள் வந்து உட்காருவதற்கும் கட்டணம் இல்லை. திரும்பும்போது கால் கிலோ நெத்திலி வாங்கினால் வீட்டாருக்கும் பங்கு கிடைத்தாயிற்று. அதற்கும் வசதியில்லாதவர்கள் ஒரு பகல் புலாவ் பெசார் போய் மாலையில் திரும்பலாம்.

பிள்ளைகளை யார் பார்ப்பது என்பீர்கள். கங்காணி காலத்திலே ஆயாக் கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரு கிழவி பார்த்தாளே. சொந்தப் பேரப்பிள்ளைகளை ஓர் இரவு பார்க்க ஒரு பாட்டிக்கு முடியாதா? பாட்டி இல்லாத வீட்டுக்கு அண்டைவீடு இருக்கிறது. போன மாதம் அவர்கள் பிள்ளையை நாம் பார்த்தோம், இந்த மாதம் நம் பிள்ளையை அவர்கள் பார்க்கட்டும்.

செங் சன்னாசிமலை ஆண்டவர் மாசி மகத்துக்கு வண்டி அமர்த்தத் தெரிந்த கோயில் கமிட்டிகளும், கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வண்டி அமர்த்தும் சங்கங்களும், ஆண்டுக்கொருமுறை தம்பதிகளுக்கென்று ஒரு வண்டி லுமுட்டுக்கு விடட்டும். நாற்பது இருக்கை, இருபது ஜோடி, செலவைப் பங்கிட்டால் தலைக்குக் குறைந்துவிடும். மாமியார் தமக்கும் ஓர் இருக்கை கேட்பார். அவருக்கும் மாமனாருக்கும் அடுத்த வண்டியில் இடம் போட்டு வைக்க வேண்டும்.