கிழட்டு நாயின் மூட்டு வலியும் பனடோல் குளிசையும்

ஒரு கிழட்டு நாயின் மூட்டு வலியைப் பற்றி எழுதுவதற்கு இந்தப் பக்கம்தானா கிடைத்தது என்று சிலர் கேட்கக்கூடும். காணி உறுதி கையில் இல்லை, வேலைக்குப் பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் நாயா? கேள்வி நியாயமானதே. ஆனாலும் நாம் இதை எழுதுகிறோம். காரணம், நம் குடும்பங்கள் அறியாமையால் வீணாகப் பணம் செலவழிப்பதும், அந்த வாயில்லாப் பிராணி வீணாக வதைபடுவதும் சேர்ந்தே நடக்கின்றன.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்தன. மறுவருடம் மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மீண்டும் மலைகளைச் சரித்தது. ஒவ்வொரு முறையும் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு இறங்கி வந்தவர்களின் பின்னால் நாய்களும் இறங்கி வந்தன. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரவள்ளியைத் தோண்டாமல் இரவெல்லாம் குரைத்துக் காத்தவை அவை. 2017இல் குட்டியாக வந்தது இன்று எட்டு வயதைத் தாண்டிவிட்டது. நாய்க்கு அது முதுமை தொடங்கிவிட்ட வயது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மூட்டு வலிக்கிற நாய் பெரும்பாலும் கத்துவதில்லை. காலையில் எழும்ப நேரமெடுக்கும். பத்தடி நடந்த பிறகு சற்று இளகும். படியேறத் தயங்கும். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும். பின்தொடை மெலியும். நடை குறைவதால் நகம் தேயாமல் வளரும், வளர்ந்த நகம் நடையை இன்னும் கெடுக்கும். "கிழடாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது" என்று நாம் சொல்வதில் பாதி, வலிதான். இதைவிட முக்கியமானது, இதுவரை சாதுவாக இருந்த நாய், பிள்ளை இடுப்பில் கைவைத்ததும் சீறிக் கடிப்பது. பல வீடுகளில் அன்றைக்கே அந்த நாயின் கதை முடிந்துவிடுகிறது. சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கமோ வேறு தோட்டத்துச் சந்தியிலோ விட்டுவிடுகிறார்கள். கடி பட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் கடித்ததன் காரணம் கெட்ட குணமல்ல, வலி என்று தெரிந்தால், கடிக்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன.

தேய்ந்துபோன மூட்டைப் புதிதாக்க மருந்து இல்லை. வலியைக் குறைக்கலாம். அதற்கான பெரும்பகுதி வேலை காசில்லாமலே நடக்கும்.

படுக்கையைப் பாருங்கள். பழைய லயக் காம்பராவில் நாய் இஸ்தோப்பின் மண்தரையிலோ அடுப்பங்கரைச் சாம்பல் ஓரத்திலோ படுத்தது. புதிய ஏழு பேர்ச் வீட்டில் சீமெந்துத் தரை. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது; அந்த ஈரத்திலும் குளிரிலும் வெறும் சீமெந்தில் கிடந்து எழும்பும் நாய்க்கு மூட்டு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இரண்டு பலகைத் துண்டுகளைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் போடுங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்த சாக்கில் வைக்கோலோ பழந்துணியோ நிறைத்து அதன்மேல் வையுங்கள். சாரல் அடிக்காத மூலையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை வெயிலில் உதறிக் காயவைத்தால் உண்ணியும் தெள்ளும் குறையும். வழுக்கும் தரையில் நாய் நடக்கும் இடத்தில் ஒரு சாக்கை விரியுங்கள். வாசற்படி உயரமானால் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

அடுத்தது உடம்பின் பாரம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்த உணவில் கால்வாசியைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. மிஞ்சிய சோறு, பாண், ரொட்டி எல்லாவற்றையும் கட்டிக்கிடக்கும் நாய்க்குப் போட்டுக் கொழுக்கவைப்பது பாசமல்ல. விலாவில் கைவைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போதே எண்ணக்கூடியதாக இருந்தால் அது பட்டினி. நம் நாய்களில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லவேண்டும். அவற்றுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. தசை பிடிக்க அவித்த மீன் தலையும் ஒரு முட்டையும் சேர்க்கச் சொல்கிறோம்.

மீனைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மூட்டுக்கு என்று க்ளுகோசமைன் குளிசைகள் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. இத்தகைய துணை உணவுகள் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு நாயின் மூட்டு வலிக்கு உதவுகிறது, க்ளுகோசமைனும் கொண்ட்ரோயிட்டினும் உதவுவதாகத் தெரியவில்லை என்றது. ஆகவே அந்தக் குளிசைக்குக் கொடுக்கும் காசைச் சேமியுங்கள். சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் உப்பில்லாமல் அவித்துக் கொடுங்கள். ஆராய்ச்சியில் கொடுத்த அளவு எண்ணெய் இரண்டு சாளையில் வராதுதான். ஆனாலும் நல்ல உணவு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் மூட்டு இறுகிப்போகும். மலையேற்றம் வேண்டாம், சமதரையில் பத்து நிமிடம், காலையும் மாலையும் போதும். மழைக்குளிர் நாளில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். தேங்காயெண்ணெய் தடவிப் பிடித்துவிட்டால் கேடில்லை. மனிதருக்கான வலித் தைலங்களையும் பாம் வகைகளையும் தடவாதீர்கள், நாய் அவற்றை நக்கி விழுங்கும். மண்ணெண்ணெய் வைத்தியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி குளிசைக்கு வருவோம். நமக்கு இடுப்பு வலி என்றால் டிஸ்பென்சரியில் தந்த குளிசை வீட்டில் இருக்கும். பாவம் பார்த்து அதில் ஒன்றைச் சோற்றில் வைத்து நாய்க்குக் கொடுத்துவிடுகிறோம். நாய்க்கு மிகப் பெரிய ஆபத்து இந்த இரக்கத்தில்தான் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோல் அளவு மீறினால் ஈரலையும் இரத்தத்தையும் தாக்கும். பூனைக்கு ஒரே ஒரு குளிசை போதும், உயிர் போய்விடும். மெலொக்சிகாம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருக வைத்தியர்களும் இதை நாய்க்குக் கொடுக்கிறார்கள். ஆனால் பத்துக் கிலோ நாய்க்கு வழக்கமான நாளாந்த அளவு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். மனிதருக்கான சிறிய குளிசையோ ஏழரை மில்லிகிராம். மருந்து ஒன்றுதான், அளவில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே வைத்தியர் நிறை பார்த்து எழுதித் தரவேண்டும். மலிவான மருந்து உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வேறு என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். ஸ்டீரொயிட்டும் இந்த வலி மருந்துகளும் சேர்ந்தால் குடலே ஓட்டையாகலாம். சாப்பாட்டுடன் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ உடனே நிறுத்தி வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் போக இன்னொரு காரணமும் உண்டு. நொண்டுவதெல்லாம் முதுமையல்ல. நம் ஈரமான மலைநாட்டில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். ஈறு வெளுத்து, உடம்பு சுட்டு, இன்று ஒரு காலும் நாளை மறுகாலும் நொண்டினால் அது உண்ணியால் வந்ததாக இருக்கலாம். இரத்தம் பார்த்துக் கண்டுபிடித்தால் மருந்தால் மாற்றக்கூடியது. அதை மூட்டுத் தேய்வு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் நாயை இழந்துவிடுவோம்.

"வைத்தியரிடம் போக முச்சக்கர வண்டிக்கே காசில்லை" என்பார்கள். உண்மை. அரச மிருக வைத்தியர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நகரத்தில். கேகாலைக்காரருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீட வைத்தியசாலை எட்டும் தூரம்தான் என்றாலும், ஒரு நாள் சம்பளம் போய்விடும். இங்கேதான் நம் கருத்தைச் சற்று உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. குடும்பங்களை இடம் மாற்றும்போது வீடுகளை எண்ணுகிறார்கள், ஆட்களை எண்ணுகிறார்கள். மாட்டையும் ஆட்டையும் நாயையும் எவரும் எண்ணுவதில்லை. புதிய குடியிருப்புகளுக்கு மாதம் ஒருமுறை நடமாடும் மிருக வைத்திய சேவை வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்போம். பால் மாட்டுக்காக வைத்தியர் வரும் நாளை அறிந்து ஐந்தாறு வீட்டார் சேர்ந்து தங்கள் நாய்களையும் காட்டலாம். விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளில் எல்லா நாய்களும் ஓரிடத்தில் கூடும். எத்தனை நாய் நொண்டுகிறது என்று அன்று எண்ணி, வயதையும் சேர்த்து எழுதி, கடிதத்தோடு இணையுங்கள்.

எதுவும் பலிக்காத கட்டமும் வரும். எழும்ப முடியாமல், இருந்த இடத்திலேயே மலசலம் கழித்து, தீனியையும் மறுக்கும் நாயைச் சந்தியில் விடவேண்டாம். நஞ்சும் கயிறும் வேண்டாம். வலியில்லாமல் ஊசியால் உறங்கவைப்பது வைத்தியரின் வேலை. அதையும் அவரிடம் கேட்கலாம்.