லத்தீன் யார் வீட்டுச் சொத்து?

"ரோமாபுரிச் சரித்திரமும் லத்தீன் பாஷையும் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு எதற்கு? ஐ.டி.ஐ. படித்தால் சோறு கிடைக்குமே!" என்று கேட்கும் கனவான்கள் நமது குறிஞ்சிப்பாடி வட்டாரத்திலும் உண்டு. தொழிற்கல்வி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கனவான்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யைச் சிபாரிசு செய்கிறார்களா?

ஆள்கிறவனுக்கு ஒரு படிப்பு, உழைக்கிறவனுக்கு ஒரு படிப்பு என்பது பழைய சூழ்ச்சி. இந்தியாவை ஆள அதிகாரிகளைப் பொறுக்குவதற்கு மெக்காலே கமிட்டி வகுத்த பரீட்சை 1855ல் லண்டனில் நடந்தது. லத்தீனுக்கு 750 மார்க், கிரேக்கத்துக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு? பூஜ்யம்! நமது ரயத்துகளிடம் வரி வசூலிக்க வந்த துரைமார்கள் இப்படித்தான் தேறி வந்தார்கள்.

இங்கிலாந்தின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் அந்த லத்தீன் எட்டவில்லை. 2021ல்கூட அங்கே பணக்காரர்களின் தனியார் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில் லத்தீன் உண்டு; சர்க்கார் பள்ளிகளில் 100க்கு மூன்று கூட இல்லை. 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி, 40 சர்க்கார் பள்ளிகளில் 2022ல் லத்தீன் வகுப்புகள் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில், படிப்பாண்டின் நடுவிலேயே, அதற்குப் பணத்தை நிறுத்தியது யார்? தொழிற்கட்சி சர்க்கார்! பெயரில்தான் தொழில் இருக்கிறது.

எந்த ரோமாபுரியைக் கற்பிப்பது என்பதும் கேள்விதான். சீஸரின் படையெடுப்புகளையும் சக்ரவர்த்திகளின் பளிங்கு மண்டபங்களையும் உருப்போடுவதற்கு நாம் வாதாடவில்லை. கி.மு. 73ல் காப்புவா நகரத்து மல்லர் கொட்டடியிலிருந்து தப்பி, அடிமைகளைப் படையாகத் திரட்டிய ஸ்பார்ட்டகஸின் சரித்திரத்தைக் கற்பியுங்கள். கி.மு. 71ல் அந்தப் படை தோற்றபின், காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் 6000 அடிமைகளைச் சிலுவையில் அறைந்ததைக் கற்பியுங்கள். மார்க்ஸ் தமக்குப் பிடித்த வீரர்களில் ஒருவராக எழுதியது அந்த ஸ்பார்ட்டகஸைத்தான்.

பாஷையோ நம் வாயிலேயே இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் சின்னக் குழந்தையும் சொல்லும் 'லிக்னைட்' என்ற சொல்லின் வேர் 'லிக்னும்' - லத்தீனில் கட்டை, விறகு. 'புரோலிடேரியட்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. சொத்தில்லாதவன், பிள்ளைகளைத் தவிர ராஜ்யத்துக்குக் கொடுக்க ஒன்றுமற்றவன் என்று ரோமாபுரிக் கணக்கர்கள் எழுதி ஒதுக்கிய ஜனங்களின் பெயர் அது. நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதை விளக்க உபாத்தியாயர் வேண்டியதில்லை!

லத்தீனைக் கட்டாயப் பாடமாக்கு என்று நாம் கோரவில்லை. தமிழின் நேரத்தைப் பிடுங்கவும் சம்மதியோம். விரும்பும் மாணவனுக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஒரு உபாத்தியாயர், ஆண்டுக்கு ஒருமுறை கடலூர் வழியாக அரிக்கமேட்டுக்கு ஒரு பஸ். இதற்குச் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது. 1945ல் வீலர் அங்கே தோண்டியபோது தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளோடு இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு ஓடுகளும் கிடைத்தன. அரெஸ்ஸோ பட்டறைகளில் பாண்டம் வனைந்தவர்களில் பலர் அடிமைகள். முதலாளியின் பெயரோடு அடிமையின் பெயரையும் முத்திரையாகக் குத்தியிருக்கிறார்கள். அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்க நமது பிள்ளைக்குக் கொஞ்சம் லத்தீன் தெரிந்திருக்க வேண்டும்.