கணக்குச் சாவி யார் கையில்?

கடையைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் "உள்ளே வராதே" என்று யாராவது பலகை மாட்டுவார்களா?

ஒருவர் மாட்டினார். அவர் என் சித்தப்பா!

தெரிந்து மாட்டவில்லை. 8 மாதம் அந்தப் பலகை தொங்கியது. தொங்குவதே அவருக்குத் தெரியாது.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் அவருக்கு விளக்குக் கடை. உச்சியில் அன்னம் வைத்த பித்தளைக் குத்துவிளக்குக்குப் பெயர்போன ஊர் அது. 2023-ம் ஆண்டு தை மாதம் கடைக்கு ஓர் இணையதளம் வைத்தார். அமைத்துக் கொடுத்த வாலிபர், "பராமரிப்பு" என்று மாதம் ரூ.3 ஆயிரம் வாங்கினார். "கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறேன்" என்றும் சொன்னார்.

ஆவணி வந்தது. வெளியூரில் இருந்து ஒரு போன் கூட வரவில்லை.

"ஏன்டா, நீ காலேஜ் படித்தவன்தானே? என்னவென்று பார்" என்றார் சித்தப்பா.

"கூகுளில் தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"எதற்குத் தேட வேண்டும்? முகவரியை அடித்தால் வருகிறதே!"

முகவரி அவருக்குத் தெரியும். மதுரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பட்டியலில் பெயர் இல்லை

நாம் கேட்ட பிறகு கூகுள் ஊர் ஊராய் ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே ஒவ்வொரு தளமாகப் போய்ப் படித்து, பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. நாம் கேட்டதும் பட்டியலைப் புரட்டுகிறது. பட்டியலில் இல்லாத கடை, தேடுகிறவர் கண்ணில் படாது.

நம் கடை பட்டியலில் இருக்கிறதா? காசு செலவில்லாமல் பார்க்கலாம். அதற்குக் கூகுளே ஒரு கருவி கொடுத்திருக்கிறது. பெயர் "சர்ச் கன்சோல்". 2015-ம் ஆண்டு வரை "வெப்மாஸ்டர் டூல்ஸ்" என்று அழைத்தார்கள். ஜிமெயில் கணக்கு உள்ளவர் யாரும் பதிவு செய்யலாம். "இந்தத் தளம் என்னுடையதுதான்" என்று மட்டும் நிரூபிக்க வேண்டும். கூகுள் ஒரு குறியீடு கொடுக்கும். அதைத் தளத்தில் வைத்தால் போதும். அடுத்தவர் வீட்டுக்குள் போய் அதை வைக்க முடியாது அல்லவா?

சித்தப்பாவுக்கு அதை வைக்கவே 4 நாள் ஆயிற்று. பாஸ்வேர்டு எல்லாம் அந்த வாலிபரிடம்! கேட்டால், "உங்களுக்கு எதற்கு சார் அது?" என்றார். ஒருவழியாகக் கொடுத்தார்.

திறந்து பார்த்தோம். தளத்தில் 42 பக்கங்கள். பட்டியலில் ஏறியவை பூஜ்யம்! காரணமும் அங்கேயே எழுதியிருந்தது: "நோ இண்டெக்ஸ்". அதாவது, "என்னைப் பட்டியலில் சேர்க்காதே" என்று தளமே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. தளம் கட்டும்போது, அரைகுறை வேலை வெளியே தெரியக் கூடாது என்று இப்படி ஒரு குறிப்பு வைப்பது உண்டு. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வாலிபர் எடுக்க மறந்துவிட்டார்.

மறதி எல்லோருக்கும் வரும். ஆனால் 8 மாதம் பணம் வாங்கியவர் ஒரு நாள் கூட எட்டிப் பார்க்கவில்லையே! மொத்தம் ரூ.24 ஆயிரம். சித்தப்பாவையும் நான் விடமாட்டேன். கல்லாப்பெட்டிச் சாவியைச் சித்தியிடம் கூடக் கொடுக்காத மனிதர், இந்தச் சாவியை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு மறந்தே போனார்.

குறிப்பை எடுத்தோம். "மறுபடி வந்து பாருங்கள்" என்று அந்தக் கருவியிலேயே விண்ணப்பம் போட்டோம். சில நாட்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறின.

என்ன எடை?

இனிமேல்தான் சுவையான கட்டம். என்ன சொல்லைத் தேடியபோது நம் தளம் தெரிந்தது, எத்தனை முறை தெரிந்தது, எத்தனை முறை அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம்—எல்லாம் கணக்கில் வரும். 16 மாதக் கணக்கு இருக்கும். தேடியவர் யார் என்று மட்டும் சொல்லாது. அதுவும் சரிதான்.

சித்தப்பாவின் தளத்தில் என்ன எழுதியிருந்தது? "பாரம்பரியம்", "நம்பிக்கை", "உலகத் தரம்". மக்கள் என்ன தேடினார்கள்? "3 அடி குத்துவிளக்கு எடை". "அன்ன விளக்கு விலை". "கல்யாணச் சீர் குத்துவிளக்கு". எடையும் விலையும் தளத்தில் ஓர் இடத்திலும் இல்லை!

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "என்ன எடை?" என்றுதான். சித்தப்பாவுக்கு அது 30 வருடமாகத் தெரியும். தளத்தில் எழுதத்தான் தோன்றவில்லை.

சித்தி உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகத் தராசில் வைத்தார். உயரம், எடை, விலை மூன்றையும் எழுதினோம். திருக்கார்த்திகைக்குள் கோவையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் போன் வந்தது. பெரிய வியாபாரம் என்று சொல்லமாட்டேன். 11 விளக்கு விற்றது.

"முதல் இடம்" ஆசாமிகள்

"முதல் இடம் வாங்கித் தருகிறேன்" என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டி விளம்பரம் போடலாம். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாக வரும். தேடல் பட்டியலில் இடம் விலைக்குக் கிடையாது.

கூகுள் இந்தக் கருவியைத் தர்மத்துக்காகத் தரவில்லை. தேடியது ஒழுங்காகக் கிடைத்தால்தான் அதன் கடையும் ஓடும். நமக்கென்ன, கொடுப்பதை வாங்கிக்கொள்வோம்! மைக்ரோசாப்ட் கம்பெனியின் "பிங்" தேடலுக்கும் இதே மாதிரி இலவசக் கருவி உண்டு.

பராமரிக்க ஆள் வைப்பது தப்பில்லை. விளக்குக் கடைக்காரர் எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொள்ள முடியுமா? ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலை செய்பவரை அதில் சேர்க்கலாம். அவர் விலகினால் நீக்கலாம். தளத்தில் புதிதாகக் கோளாறு கண்டால் கூகுள் மின்னஞ்சல் அனுப்பும். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், கடிதமும் அவருக்குத்தான் போகும்!

சித்தப்பா இப்போது ஞாயிறுதோறும் காபி குடித்த கையோடு செல்போனில் கணக்குப் பார்க்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், 'கோவில் சர விளக்கு' என்று தேடினவர்களுக்கு நம் தளம் 60 தடவை தெரிந்திருக்கிறது. நம்மிடம் சர விளக்கே கிடையாதே!"

"என்ன செய்யப் போகிறீர்கள் சித்தப்பா?"

"பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்புறம் பேசு" என்று போனை வைத்துவிட்டார்.