மெல்லிய பனிக்கட்டியின்மேல்

‘ஸ்கேட்டிங் ஒன் தின் ஐஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் காணும் நம் மாணவர்க்குச் சொல் விளங்கினும் பொருள் நெஞ்சிற் பதிவதில்லை. உறைந்த ஏரியை அவர் கண்டிலர். குளிர்நாட்டார் அதன்மேற் சறுக்கி விளையாடுவர். பனிக்கட்டி மெலிதாயின் எக்கணமும் உடைந்து ஆளை விழுங்கும்.

நமக்கோ மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் உண்டு. கோடையில் மணற்றிட்டு அவ்வாயை அடைத்துக்கொள்ளும், மேலே நடக்கலாம். மாரியில் வாவி பெருகியதும் அதே திட்டு உடைப்பெடுத்துக் கடலோடு போகும். வயல்களை வெள்ளத்தினின்று காக்க மனிதரே அதனை வெட்டிவிடுவதும் உண்டு. மாரி வெள்ளத்தில் அத்திட்டின்மேல் நிற்பவனை எண்ணிப் பாருங்கள். தொடரின் பொருள் தானே விளங்கும்.

‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குதல்’ இதற்கு நேரென்பர் சிலர். எமக்கு அது உடன்பாடன்று. மண்குதிரையை நம்பியவன் ஏமாளி. பனிக்கட்டிமேற் சறுக்குபவனோ பெரும்பாலும் அறிந்தே துணிபவன். 1841இல் அமெரிக்க அறிஞர் எமர்சன் இவ்வுவமையை ஆண்டபோது, அங்கு வேகமே காவல் என்றார். ஆபத்தை அறிந்தவனன்றோ விரைவான்!

இன்னொன்று: அவன் இன்னும் விழவில்லை. கடன்மேற் கடன்பட்டு வாணிகம் நடத்துபவனைப்பற்றி, கடை திறந்திருக்கும்வரை இத்தொடரை ஆளலாம். கடை மூடியபின் ஆளுதல் பிழை.